இரண்டாவது ஹெல்மெட்

இடமாற்றம் கொழும்புக்கா, பண்டாரவளைக்கா என்று கம்பனியில் கேட்டபோது, யோசிக்காமல் பண்டாரவளை என்றுவிட்டேன்.

மனைவியிடம் சொன்ன காரணம், "குளிர்ப்பக்கம் உடம்புக்கு நல்லம்."

உண்மையான காரணம், அந்த மலை வளைவுகளில் பைக் ஓட்டுவது.

பிள்ளைகள் இருவரும் கம்பஸ் விடுதியில். ஆனாலும் அவளைக் கூட வரச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டவன்தான்.

இன்று கல்முனையில் எனக்கொரு ஹெல்மெட் வாங்கப் போனோம். அவள் கடைக்காரரிடம், "இன்னொண்டு எடுங்க தம்பி, எனக்கு" என்றாள்.

"உனக்கு எதுக்கு?"

"ராவெல்லாம் வளைவு ரோட்டு வீடியோ பாத்தா எனக்கு விளங்காதா? இவ்வளவு காலமும் நீங்க என்ட வீட்ட இருந்தீங்க. இனி உங்கட வீட்ட நான் கொஞ்சம் இருந்து பாக்கிறன்."

கடைக்காரர் சிரித்தார். நான் ஹெல்மெட்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பண்டாரவளையில் வாடகை வீடு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முதல் தடவையாக வீட்டுக்காரன் ஆகப்போகிறேன், அல்ஹம்துலில்லாஹ். சாவி யார் கையில் இருக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.