திராட்சைக் கொடி போட்ட வெள்ளிக் கிண்ணம்

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஈப்போவில் ஓர் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், குழாய்களுக்கு நடுவில் கிடந்தாள். அன்று காலை டாக்டர் கையை விரித்துவிட்டார். பங்குச் சாமியாருக்குப் போன் போட்டேன். அவர் ஓர் அடக்கத்துக்காக லூமுட் போயிருந்தார்.

"எனக்காகக் காத்திருக்காதீங்க. உயிரு இருக்கும்போதே நீங்களே ஞானஸ்நானம் கொடுத்துடுங்க. எந்தத் தண்ணியா இருந்தாலும் சரி" என்றார்.

தண்ணீர் சரி. ஆனால் எங்கள் குடும்பத்தில் அந்தக் கிண்ணத்துத் தண்ணீர் படாத தலை கிடையாது. முன்பு நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில் இருந்த பிரெஞ்சு சாமியார், ஊர் திரும்பும்போது உபதேசியாரான என் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. ரப்பரை வெட்டி, தோட்டம் எண்ணெய்ப் பனை போட்ட செம்பனைத் தோட்டமாகி, கோயிலையும் இடித்தாகிவிட்டது. கிண்ணம் மட்டும் ஜெலாப்பாங்கில் என் வீட்டு அலமாரியில் இருந்தது.

"இதோ எடுத்துட்டு வந்துடுறேன்" என்றேன் மனைவியிடம்.

"இப்ப அதெல்லாம் எதுக்குங்க? இங்கேயே இருங்களேன்" என்றாள். கேட்டேனா நான்?

மழையில் காரை விரட்டிக்கொண்டு போய், விரட்டிக்கொண்டு வந்தேன். மாதாவே, மாதாவே என்று வாய் அரற்றிக்கொண்டே இருந்தது. வார்டு வாசலில் நர்ஸ் மிஸ்ஸி என் கையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். தமிழ்ப் பெண்தான்.

"அண்ணே, இத உள்ள கொண்டு போக முடியாதுலா. எவ்ளோ பூ வேலை பாருங்க, இடுக்கெல்லாம் கறுப்பு. பிள்ளைங்களுக்குக் கிருமி ஒட்டிக்கும். நான் சுத்தமான தண்ணி தாரேன், வாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கழுவிட்டு வாரேன். அப்புறம் என்னா சொல்றன்னு பாக்குறேன்."

"கழுவினாலும் விட மாட்டாங்கண்ணே" என்றாள். நான் அதற்குள் குழாயடிக்குப் போய்விட்டேன்.

விளிம்பைச் சுற்றித் திராட்சைக் கொடி. ஒவ்வொரு பழத்தையும் உள்ளிருந்து தட்டித் தட்டி எழுப்பியிருந்தான் அந்தப் பிரெஞ்சுத் தட்டான். இலை நரம்பைக்கூட விடவில்லை. பிடியாக இரண்டு காதுகள், அவற்றிலும் சுருள் சுருளாகச் செதுக்கல். பிறந்தது முதல் நான் வியந்து பார்த்த வேலை. அன்றைக்கு அவனை வாயில் வந்தபடி திட்டினேன். படுபாவி, ஓர் இடத்தையாவது வழவழவென்று விட்டிருக்கக் கூடாதா? சோப்பைப் போட்டு நகத்தால் சுரண்டினேன். ஒரு பழத்தைச் சுற்றிக் கறுப்பு போனால் அடுத்ததில் இருந்தது. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. அழுதுகொண்டே தேய்த்தேன்.

மிஸ்ஸி ஓடி வந்தாள். "அண்ணே, அத வச்சிட்டு வாங்க! உடனே!"

கிண்ணத்தைத் தொட்டியிலேயே போட்டுவிட்டு ஓடினேன். கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தது. குழாய்களைக் கழற்றிவிட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் மனைவி, மடியில் துணி சுற்றிய மகள். அந்தச் சின்னத் தலை ஈரமாக இருந்தது.

"பயப்படாதீங்க" என்றாள். "மூச்சு இருக்கும்போதே தண்ணியக் கையில ஏந்தி ஊத்திட்டேன். உங்களைத்தான் ரொம்ப நேரம் பாத்தோம்."