ஊறப்போட்ட மாதாகோயில் கல்

செங்கல்லோ பிளாக்கோ, கட்டுவதற்கு முன்னால் அதை நனைக்க வேண்டும். காய்ந்த கல்லை அப்படியே வைத்தால், கலவையில் இருக்கிற ஈரத்தை எல்லாம் அது குடித்துவிடும், சுவர் நிற்காது. ஐந்தாம் வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்தும் எதுவும் ஏறாத என் தலையில் ஏறியது இந்த ஒரு பாடம்தான். அதையும் தப்பான இடத்தில் போய் ஒப்பித்தேன்.

எனக்கு ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கம்பெனியில் மேஸ்திரி வேலை. கண்காட்சிகளுக்கும் மியூசியங்களுக்கும் சுவர் கட்டிக் கொடுப்போம். மூன்று மாதம் கழித்து நாங்களே போய் அதை உடைத்து லாரியில் ஏற்றுவோம். எட்டு வருஷமாக நான் கட்டியதில் ஒன்றுகூட இன்றைக்கு நிற்கவில்லை. இப்படி ஒரு பெருமை வேறு எந்தக் கொத்தனாருக்கும் இருக்காது.

அந்த வேலை வந்தபோது எனக்கு லீவு கிடைக்கப் பத்து நாள் இருந்தது. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அந்த மடி நான். லீவு கிடைக்காமல் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடந்தது.

"அண்ணே, இந்த வாட்டியாச்சும் வந்துருவல்ல?" என்று தங்கச்சி போனில் கேட்டாள். "கூடப் படிக்கிறதெல்லாம் ஜிமிக்கி ஆட்டிக்கிட்டு வருது. எங்க மாமனுக்கு லீவு கெடச்சாத்தான் எனக்குக் காதேன்னு இவ சொல்லிக்கிட்டுத் திரியிறா. இத விட்டா ஆடி வந்துரும், பாத்துக்க."

"பேப்பர்ல கையெழுத்தே ஆயிருச்சு தாயி. இனிமே என்னத் தடுக்க யாருமில்ல" என்றேன். என்னைத் தடுக்க நான் ஒருவன் இருப்பதை மறந்துபோனேன்.

கண்காட்சி, ஸ்பெயின் நாட்டுச் சாமியார்கள் கடல் தாண்டிப் போய், மெக்சிகோ பக்கம் அந்த மண்ணின் ஜனங்களை வைத்துக் கட்டிய பழைய மாதாகோயில்களைப் பற்றியது. மிஷன் என்று சொல்கிறார்கள். அதில் ஒரு கோயில் சுவர் மாதிரி நாங்கள் கட்ட வேண்டும். சிமெண்ட் பிளாக் வைத்து, மேலே மண் நிறத்தில் பூச்சு. அதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற மேடம் ஒருவர் அங்கிருந்தே வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும், எங்களைப் போலவே தூக்கமில்லாத கண். இங்கிலீஷில்தான் பேசுவார். எங்கள் ஃபோர்மேன் பாய் எனக்கு அதைத் தமிழில் சொல்வார். பாய்க்கு ஊர் காயல்பட்டினம். கடலோரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், பொறுமை மட்டும் என்னைவிடக் குறைவு.

சுவரில் மாட்ட வேண்டிய போர்டுகளை பாய் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"அந்த ஜனங்களுக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டா கோயில் வளவ விட்டு வெளிய போகக் கூடாதாம். மணி அடிச்சா எந்திரிக்கணும், மணி அடிச்சா வேல, மணி அடிச்சா கஞ்சி. ஓடிப்போனா புடிச்சுக் கூட்டிட்டு வந்துருவாங்களாம்."

"நம்ம லேபர் கேம்ப் கதைய எதுக்கு பாய் இங்க மாட்டுறாங்க?"

"வாய மூடும் ஓய். அவங்களுக்கு லீவும் இல்ல, டிக்கெட்டும் இல்ல. காய்ச்சல்ல கொத்துக் கொத்தாச் செத்திருக்காங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். வருஷத்துக்கு நாலைந்து தடவை அது நடக்கும்.

மறுநாள் மத்தியானம் பாய் ஆபீசுக்குக் கிளம்பும்போது சொன்னார்: "மேடம் கொண்டாந்த பொட்டியில வந்த மூணு கல்லும் மேசையில இருக்கு. சாயங்காலம் மேடம் வந்ததும் சுவத்து நடுவுல வைக்கணும். ரெடியா வையும்."

போய்ப் பார்த்தேன். மூன்றும் வெள்ளை மெத்தையில் படுத்திருந்தன. கேம்பில் நான் படுக்கிற மெத்தையைவிட நல்ல மெத்தை. இரண்டு முழுக் கல், ஒன்று பாதி உடைந்தது. பாதிக் கல்லின் மேல் ஒரு நாய்க்கால் தடம், பக்கத்தில் மூன்று விரல் இழுத்த கோடு. கல் காய்வதற்கு முன்னாலேயே யாரோ தூக்கியிருக்கிறார்கள். பழசு மாதிரி நம் கம்பெனியிலேயே நன்றாகச் செய்திருக்கிறார்களே என்று நினைத்தேன். பக்கத்தில் இங்கிலீஷில் ஏதோ ஒட்டியிருந்தது. இங்கிலீஷில் ஒட்டியிருக்கிற எதையும் எனக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிடுவது என் வழக்கம்.

ரெடியா வை என்றால் கொத்தனாருக்கு ஒரே அர்த்தம்தான். கலவை போடுகிற ரப்பர் தொட்டியைக் கழுவி, தண்ணீர் பிடித்தேன். முழுக் கல் அதில் அடங்காது. பாதிக் கல்லை இறக்கினேன். குமிழ் குமிழாக வந்தது. நல்லா குடிக்குது என்று சந்தோஷப்பட்டு, நானும் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தொட்டியில் கல் இல்லை.

முதலில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையை விட்டுப் பார்த்தேன். அடியில் களி மாதிரி சேறு. மேலே வைக்கோல் துணுக்கு மிதந்தது. சுடாத கல். வெறும் மண்ணைப் பிசைந்து வெயிலில் காயவைத்த கல். முப்பது வருஷக் கொத்தனார் அதைக் கையில் தூக்கியும் கண்டுபிடிக்கவில்லை.

பாய் வந்து தொட்டியைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்திலிருந்த சிமெண்ட் மூட்டையில் மெதுவாக உட்கார்ந்தார்.

"அது எத்தன வருஷத்துக் கல்லு தெரியுமா ஓய்? இருநூறுக்கு மேல. மாதிரிக் கல்லு இல்ல. அசலு."

எனக்குக் காது அடைத்தது. அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் பிள்ளையின் காதுதான் ஞாபகம் வந்தது. கேவலம்தான், ஆனால் அதுதான் வந்தது.

"ரிப்போர்ட் போனா ஒம்ம லீவ நிறுத்திருவானுவ" என்றார் பாய். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "சரி. ஏசியில தண்ணி ஒழுகி மேசையில விழுந்து கல்லு கரஞ்சுருச்சு, தொடச்சிட்டோம்னு சொல்லுவோம். அந்த ஏசி ஒழுகுறது ஊருக்கே தெரியும். தொட்டிய டிரைனேஜ்ல ஊத்திரும். யல்லா, சீக்கிரம்."

தொட்டியைச் சாய்த்தேன். ஒரு பக்கெட் அளவு போயிருக்கும், மேடம் வந்துவிட்டார். பாய் இங்கிலீஷில் ஏசியைக் காட்டிச் சொன்னார். மேடம் என்னையோ தொட்டியையோ பார்க்கவில்லை. நேராக மற்ற இரண்டு கல்லிடம் ஓடினார். அதைத் தடவுகிறார், மெத்தையைத் தடவுகிறார், போனை எடுத்துப் பேசுகிறார்.

"என்ன பாய் சொல்றாங்க?"

"ஏசி ஈரம்னா இந்த ரெண்டும் உள்ள நனஞ்சிருக்குமாம். இங்க வைக்க முடியாதாம். ரெண்டையும் திருப்பி அனுப்பணும், கண்காட்சிய நிறுத்தணும்னு பேசுறாங்க."

"அது ரெண்டும் நல்லா இருக்கே பாய்."

"இருக்கு. நாம எப்புடிச் சொல்ல?"

நான் நல்லவன் இல்லை. சைட்டில் என் ஹெல்மெட் தொலைந்தால் அடுத்தவன் ஹெல்மெட்டில் என் நம்பரை எழுதுகிற ஆள். ஆனால் அந்த அம்மா அந்த இரண்டு கல்லையும் தடவின விதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அலுப்பு என்றும் சொல்லலாம். பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் தெம்பு வேண்டுமே.

"மேடம்" என்றேன். "ஏசி மாஃபி. மீ வாட்டர்." தொட்டியைக் காட்டினேன். "மீ, வாட்டர், கல். கலாஸ்." மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது; எட்டு வருஷத்தில் நான் படித்த அரபி அவ்வளவுதான்.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. வந்து தொட்டிப் பக்கத்தில் மண்டி போட்டார். திட்டவில்லை. விரலால் சேற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பாயிடம் ஏதோ கேட்டார்.

"குழாத் தண்ணியா, டேங்க் தண்ணியா? எவ்வளவு நேரம் ஊறுச்சு? எவ்வளவு கீழ ஊத்துனீருன்னு கேக்குறாங்க."

சொன்னேன். கொஞ்சம் பேசிய பிறகு பாய் என் பக்கம் திரும்பினார். அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"இவங்க ஊர்ல உடைஞ்ச கல்ல இவங்களே தண்ணியில கரைப்பாங்களாம். அதுல வெத, உமி எல்லாம் இருக்கும். அத எடுத்துப் பாத்து, அப்ப என்ன பயிர் வச்சாங்க, எந்தப் பயிரு கப்பல்ல வந்துச்சுன்னு கண்டுபிடிப்பாங்களாம்."

"அப்ப நான் நல்ல காரியந்தான பாய் செஞ்சிருக்கேன்?"

"செருப்பால அடிப்பேன். அவங்க அளந்து, எழுதி, கரைச்சு அரிப்பாங்க. நீரு டிரைனேஜ்ல ஊத்துனீரு. அதுவும் இந்தக் கல்லக் கரைக்கிறதா இல்லையாம். சாமியாருங்க எழுதுன கணக்குப் புஸ்தகமெல்லாம் பத்திரமா இருக்கு. மண்ணப் பிசஞ்சு கல்லறுத்த ஜனங்களப் பத்தி யாரும் ஒண்ணும் எழுதி வைக்கல. அந்த விரல அளந்தா பெரியாளா சின்னப்புள்ளையான்னு தெரியும்னு வச்சிருந்தாங்களாம். இன்னும் அளக்கல."

தொட்டிக்குள் கையை விட்டு அந்த விரல் கோட்டைத் தேடினேன்.

மேடம் ஒரு பேப்பரை எடுத்து, கல் எப்படிப் போனது என்று எழுதினார். யார் என்ற இடத்தில் பேனா நின்றது. 'தொழிலாளி' என்று மட்டும் போடட்டுமா, பெயர் போடட்டுமா என்று பாய் மூலம் கேட்டார். தொழிலாளி என்றால் எனக்கு நல்லது. ஆனால் அந்த விரல்காரனுக்கு அதைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லையே என்று தோன்றியது. பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுதினார். எட்டு வருஷமாக மியூசியத்துக்குச் சுவர் கட்டுகிறேன், எந்தச் சுவரிலும் என் பெயர் இல்லை. கரைத்ததற்கு வந்துவிட்டது.

ஆபீஸ், விசாரணை முடியும்வரை லீவு இல்லை என்றது. தண்டனை வேண்டாம் என்று மேடம் எழுதிக்கொடுத்தார். அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். அதுவரைக்கும் மேடத்துக்கு உதவியாக இரு என்று என்னை அங்கேயே போட்டார்கள். மெல்லிசு சல்லடையில் சேற்றை அரிப்பது, மிதப்பதைத் துணியில் வடிப்பது, காயவைப்பது, இடுக்கியால் விதை பொறுக்குவது. கடுகைவிடச் சின்ன விதை. முதுகு போய்விடும். மேடத்துக்கும் முதுகு வலி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வோம். அதற்கு மொழி தேவைப்படவில்லை.

தங்கச்சிக்கு நானே போன் செய்தேன்.

"இன்னொருக்காத் தள்ளிப்போட வேணாம் தாயி. பெரியப்பா மகன் இருக்கான்ல, அவனும் மாமன்தான். அவன் மடியில வச்சுக் குத்திருங்க."

"நீ என்னண்ணே பண்ண?" என்றாள். சொன்னேன். "கல்லு கரையுமாண்ணே?" என்றாள். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

காதுகுத்து அன்றைக்கு வீடியோ கால் போட்டு, போனைப் பக்கெட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு அரித்தேன். மாலை, மொட்டைத்தலையில் சந்தனம், பெரியப்பா மகன் மடி. குத்தும்போது பிள்ளை வீறிட்டதில் மேடம் பதறித் திரும்பினார். பாய் தன் காதைக் கிள்ளிக் காட்டி விளக்கினார். மேடம் சல்லடையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தார். இரண்டாவது காதும் ஆயிற்று.

அழுகை அடங்கியதும் பிள்ளை போனுக்குள் முகத்தை விட்டுப் பார்த்தது.

"மாமா, ஒன் கையெல்லாம் ஏன் சேறா இருக்கு?"

"ஒரு கல்லக் குளிப்பாட்டுனேன்டா கண்ணு. கரஞ்சுபோச்சு."

"யாரு கல்லு?"

மேடத்தைப் பார்த்தேன், சேற்றைப் பார்த்தேன்.

"தெரியலடா" என்றேன். "அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம்."

பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, காதை ஒரு தடவை ஆட்டிக் காட்டிவிட்டு ஓடிவிட்டது. மேடம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொட்டியில் இன்னும் பாதி இருந்தது.