கணவர் பெயர்: நானேதான்

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் அவரை எல்லோரும் ‘எக்ஸ்பிரஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் மாடி வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்கு, அங்கிருந்து தரைத்தளத்து பிசியோதெரபி கூடத்துக்கு என்று நாள் முழுக்க ஓட்டம். “வளைவு வருது, கெட்டியா புடிச்சுக்கோங்க!” என்பார். வலியில் முகம் சுளித்துப் படுத்திருப்பவர்கூடச் சிரித்துவிடுவார்.

மனைவி இறந்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. அன்றிலிருந்து சமைப்பதும் துவைப்பதும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் அவரேதான். அவர் வேலை முடிந்து வரும்வரை கீழ்வீட்டுத் தையல்கார அக்கா குழந்தையைப் பார்த்துக்கொள்வார்.

பிசியோதெரபி கூடத்தில் நோயாளியை விட்டதும் எக்ஸ்பிரஸ் உடனே கிளம்ப மாட்டார். ஆறு வாரத்துக்கு முன்னால் ஸ்ட்ரெச்சரில் வந்தவர் இன்று கம்பியைப் பிடித்துத் தானே எழுந்து நிற்பதைக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அங்கே வேலை பார்த்த பெண் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

“அண்ணே, நீங்க நின்னு நின்னு இந்த இடத்துல தரையே தேஞ்சு போச்சு. பேசாம இதையே படிச்சுடுங்களேன்!”

“முப்பத்திரண்டு வயசுல காலேஜுக்குப் போனா, ‘பையன் எங்க சார்’னு கேப்பாங்கம்மா.”

சிரித்தாலும் அவள் விடவில்லை. துணையில்லாமல் பிள்ளை வளர்ப்பவர்களைப் படிக்கவைக்கும் ஓர் அறக்கட்டளையின் விண்ணப்பத்தை மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள். அதுவரை விண்ணப்பித்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். படிவமும் அவர்களை நினைத்தே அச்சாகியிருந்தது. ‘கணவர் பெயர்’ என்ற இடத்தில் அவர் பேனா நின்றுவிட்டது. காலியாக விட்டால் தள்ளிவிடுவார்களோ என்று பயம். யோசித்து யோசித்துக் கடைசியில் ‘நானேதான்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அறக்கட்டளைத் தலைவி அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“இத எழுதினது நீங்கதானா?”

“ஆமாங்க மேடம். தப்புங்களா?”

“தப்பு எங்க ஃபாரத்துலதான்” என்றவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “சரி, நீங்க காலேஜ் போனா பொண்ண யாரு பாத்துப்பா?”

“இப்ப பாத்துக்கற அக்காதாங்க. அவங்க இதுவரைக்கும் என்கிட்ட ஒண்ணும் வாங்கினதில்ல. நீங்க மனசு வச்சா, இனிமேலாவது சும்மா வேலை வாங்காம இருப்பேன்.”

பத்தே நாளில் கடிதம் வந்தது. படிப்புச் செலவோடு குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவையும் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலும் சனி, ஞாயிறு மட்டும் வேலைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

கல்லூரியில் முதல் நாள். அவர் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று “குட் மார்னிங் சார்!” என்றது. அவரும் திருதிருவென்று விழித்து, “உக்காருங்க, உக்காருங்க” என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் அத்தனை பிள்ளைகளும் அவருக்குச் சிநேகமாகிவிட்டார்கள்.

படிப்பு அவ்வளவு சுலபமாக வளையவில்லை. எலும்புகளின் பெயர்கள் மனசில் நிற்காமல் வழுக்கின. மகளின் கையிலேயே பேனாவால் ஒவ்வொன்றாக எழுதிப் படித்தார். அவள் கழுவாமல் அப்படியே பள்ளிக்கூடம் போய்விட்டாள். ஆசிரியை அவரைக் கூப்பிட்டனுப்பினார். “உங்க பொண்ணு கையெல்லாம் கிறுக்கிட்டு வந்து, கிளாஸ்ல இருக்கறவங்க கையில எல்லாம் எலும்பு எண்ணிட்டிருக்கா” என்றார். குற்றப்பத்திரிகை போலத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அவரும் சிரித்துவிட்டார்.

இவ்வளவு செய்தும் முதல் வருடம் உடற்கூறியல் தேர்வில் தோற்றுப்போனார். உதவியை நிறுத்திவிடுவார்கள் என்றே நினைத்தார். அவர்களாகத் தெரிந்துகொள்ளும் முன் நாமே சொல்லிவிடுவோம் என்று நேராக அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போய்த் தலைகுனிந்து நின்றார்.

தலைவி மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்தார். “ஒரு பேப்பர்தானே? இரட்டைப் பிள்ளைங்கள இடுப்புல வச்சிக்கிட்டு ஒரு பொண்ணு மூணு தடவை எழுதினா. இன்னிக்கு அவ வக்கீல். போய்ப் படிங்க. வர்றப்ப பாஸான பேப்பரோட வாங்க.”

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நூலகத்துக்குப் போனார். அடுத்த முறை தேறினார். அதற்கப்புறம் எந்தப் பாடத்திலும் அவர் சறுக்கவில்லை.

பட்டமளிப்பு அன்று மேடையில் அவர் பெயரை வாசித்ததும் மகள் நாற்காலியின் மேல் ஏறி நின்று, “எங்கப்பா! எங்கப்பா!” என்று கத்தினாள். கடைசி பெஞ்சுக் கூட்டம் விசிலடித்தது.

இப்போது அதே ஆஸ்பத்திரியில், அதே பிசியோதெரபி கூடத்தில் அவருக்கு வேலை. போன வாரம் முட்டிவலியோடு தையல்கார அக்கா வந்திருந்தார். காலை நீட்டி மடக்கிப் பத்து எண்ணச் சொல்லிவிட்டு அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

“அக்கா, ஆறுலேர்ந்து ஒன்பதுக்குத் தாவக் கூடாது. எனக்குக் காது கேக்குது.”

“அடப்பாவி! நாள் பூரா இஞ்ச் டேப்பும் கையுமா இருக்கறவ நான். எனக்கே எண்ணச் சொல்லித் தர்றியா?” என்று திட்டிய அக்கா, சிரித்துக்கொண்டே மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.