இரண்டு தட்டு

பிள்ளைச்சாவடியிலிருந்து வந்த அந்தத் தச்சருக்குப் புருவம் முழுக்க மரத்தூள். மூக்குக்கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டுக் காதோடு கட்டியிருந்தார். கடைகளில் நின்றபடி ஆடுவோமே, அந்த மாதிரி வீடியோ கேம் பெட்டி ஒன்றை நானே பிளைவுட்டில் செய்திருந்தேன். கீல் வைத்து இரண்டு கதவு மாட்டவும் உள்ளே திரையைப் பொருத்தவும்தான் அவரை அழைத்தேன்.

திரை என் மனைவியுடையது. அவள் வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கும் மானிட்டர். பக்கத்தில் கதிர்காமத்திலிருக்கும் அம்மா வீட்டுக்கு அவள் போயிருந்த நேரம் பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டேன். இப்போது அது வெறும் கண்ணாடித் தகடாகப் பெட்டிக்குள் நின்றது.

அந்த மனிதருக்கு ஒரு பழக்கம். கதவைத் திறக்கும் முன் ஒவ்வொரு தடவையும் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் திரை அதிர்ந்தது.

“எதுக்குண்ணே தட்டுறீங்க? கண்ணாடி போயிடப்போவுது.”

“கீல் சந்துல பல்லி இருக்கும் சார். தட்டுனா ஓடிடும். இல்லன்னா நசுங்கிப் போவும்.”

“புதுப் பொட்டிண்ணே. இப்பதான் கதவே மாட்டுனீங்க. இதுல ஏது பல்லி?”

“எனக்குத் தெரியுது சார். கைக்குத் தெரியலையே.”

சொல்லிவிட்டு மறுபடியும் தட்டினார்.

நல்லவேளை, திரை உடையவில்லை. கதவுகள் சத்தமே இல்லாமல் மூடின. அவர் கிளம்பிப் போன சற்று நேரத்தில் மனைவி வந்தாள்.

“என் மானிட்டர் எங்க?”

பெட்டியருகே போனேன். திறப்பதற்கு முன் என் கை தானாக இரண்டு தட்டு தட்டியது.