சித்தப்பா நிறுத்திய குளிசை

மரியதாஸ் சித்தப்பா, என்னிடமாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.

அப்பா இல்லாத என்னை வளர்த்தவர் சித்தப்பாதான். முல்லைத்தீவில் மீன்பிடித் தொழில். இங்கே செலவு தாங்காது என்று சென்னைக்குப் போய் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து, சுகமாகத் திரும்பினார். இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் விழுங்கக் குளிசையும் கொடுத்துவிட்டார்கள்.

மறுபடி கடலுக்குப் போனபோது மீன்முள் கீறிய கையில் இரத்தம் நிற்கவேயில்லை.

“குளிசையாலதான் இப்பிடி ஓடுது. இனிப் போடமாட்டன்” என்றாராம் சித்தியிடம்.

“டொக்டரிட்டைக் கேளுங்கோவன்.”

“ஏன், அவர் வந்து வலை இழுப்பாரோ?”

சித்தியும் சிரித்துவிட்டார்.

சில நாட்களில் கரையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். குளிசையை நிறுத்தியதால் இரத்தம் உறைந்து ஸ்டென்ட் அடைத்துவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

இப்போது ஸ்டென்ட் வைத்த யாரைக் கண்டாலும், “குளிசை போட்டனீங்களோ?” என்றுதான் முதலில் கேட்கிறேன். டொக்டரைக் கேட்காமல் நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். என் சித்தப்பாவுக்காக எல்லோரும் ஒருமுறை செபியுங்கள்.