காற்று இழுக்கும் சத்தம்

போன வாரம் மார்த்தாண்டத்தில் பாலம் ஏறுகிற இடத்தில் ஒரு பழைய கார் நின்றுபோய்க் கிடந்தது. பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். பஸ் ஜன்னல் வழியாக சூட்டோடு கலந்த பெட்ரோல் வாசம் வந்தது. பழைய வாசனைகள் சந்தோஷம் தரும் என்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் அலுத்துப்போனது.

என்னிடமும் அப்படியொரு கார் இருந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் கிளார்க்குக்குக் கார் எதற்கு என்று கேட்காதீர்கள், வீம்புதான். ரோட்டில் நன்றாகத்தான் ஓடும். எஞ்சின் சூடான பிறகு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், இரண்டு குலுக்கு குலுக்கி அணைந்துவிடும்.

அந்த வருஷம்தான் என் மனைவி ஸ்டெல்லாவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுக்கட்டி என்றார்கள். ஆறு வாரம், வாரம் ஒரு ஊசி, திருவனந்தபுரத்தில். போகவர எத்தனை நெரிசல், எத்தனை சிக்னல்! கால் விரல்களை பிரேக்கிலும் குதிகாலை ஆக்ஸிலேட்டரிலும் வைத்து உறுமவிட்டபடியே நிற்பேன். பக்கத்தில் அவள் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிடித்தபடி கண்ணை மூடியிருப்பாள்.

மெக்கானிக் செல்லப்பனின் பட்டறை மயிலாடியில், சிற்பக் கூடங்களுக்கு நடுவே இருந்தது. பகல் முழுக்கக் கல் அறுக்கும் இரைச்சல். பிளக் மாற்றினார், பாயிண்ட் மாற்றினார், கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிக் கழுவினார். வண்டி அணைவது மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது ஊசி போட்டுத் திரும்பும்போது களியக்காவிளை வரிசையில் அணைந்தது. பானட்டைத் திறந்து எதையோ தட்டி, மறுபடி கிளப்பினேன். ஸ்டெல்லா இறங்கி வந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எஞ்சின் பக்கம் குனிந்தாள். சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவள் அவள். யார் சுருதி விலகிப் பாடினாலும் அங்கிருந்தே திரும்பிப் பார்ப்பாள். பெரும்பாலும் அது நானாகத்தான் இருக்கும்.

"இஞ்ச பாருங்க, எங்கயோ காத்து இழுக்குது. ஆர்மோனியத்துக்க துருத்தி கிழிஞ்சப்போ இப்பிடித்தான் கேட்டுது."

"வண்டியப் பத்தி உனக்கு என்ன தெரியும்? கேறு, கேறு," என்றேன். அவள் ஏறிக்கொண்டாள்.

நாலாவது ஊசிக்குப் போய்த் திரும்புவதற்குள் ஐந்து தடவை அணைந்தது. மறுநாள் செல்லப்பனிடம் போய், "எங்கயோ காத்து இழுக்குதுன்னு தோணுது," என்றேன், நானே கண்டுபிடித்ததுபோல. அவர் வண்டியைக் கல் இரைச்சல் இல்லாத வயற்கரை ரோட்டுக்கு ஓட்டிப்போனார். கார்புரேட்டரின் அடிப்பக்கம் சுற்றிலும் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓரிடத்தில் தண்ணீர் சட்டென்று உள்ளே போனது. தடுமாறிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரு கணம் சீராக ஓடியது.

"சாரே, அடியில உள்ள கேஸ்கட் அட்டை கீறிக் கெடக்கு! சூடானா விரியுது, அதான் காத்து போவுது. நல்ல காதாக்கும் சாருக்கு!"

நான் சிரித்து வைத்தேன். அது யாருடைய காது என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

புது கேஸ்கட் போட்டு, சாயங்காலம் வீட்டு முன்னால் நிறுத்தினேன். வண்டி அணையாமல் முனகிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, "கேட்டுப் பாரு, அந்தச் சத்தம் இருக்கா?" என்றேன். குனிந்து வெகுநேரம் கேட்டாள். "போயிட்டு," என்றாள்.

மிச்சமிருந்த இரண்டு பயணத்திலும் வண்டி ஒரு தடவைகூட அணையவில்லை. அவள் தூங்கிக்கொண்டே வந்தாள். கட்டியும் கரைந்தது. காரைப் பிறகு விற்றுவிட்டேன். ஆர்மோனியத்தை அவள் தொடவே இல்லை. விரல் மரத்துப்போகிறது என்றாள், நம்பினேன்.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள் காலை குக்கர் விசில்மேல் விசிலாக அடித்தது. கொல்லைப்புறத்திலிருந்து ஓடிவந்தேன். அவள் அடுப்புப் பக்கத்திலேயே நின்று நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அவள் முகத்துக்கு நேராக நின்றேன்.

"எப்போ இருந்து?"

"நாலாவது ஊசிக்குப் பொறவு. பேச்சு கேக்கும். விசிலு, சீறல் மாதிரி சன்ன சத்தம் ஒண்ணும் கேக்காது. டாக்டர் மருந்துக்க வேலைன்னு சொன்னாரு. நீங்க அந்த வண்டிக்க பொறத்தால அலஞ்சிட்டு இருந்தீங்க. இதயும் எதுக்குச் சொல்லணும்னு விட்டேன்."

"அப்போ அன்னைக்குச் சத்தம் போயிட்டுன்னு சொன்னியே?"

"போயிட்டுதானே," என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.