பெட்டிக்குள் இரண்டு தட்டல்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கெஞ்சி நம்பவைக்கும் பொறுமை எனக்கு இல்லை. இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

எங்களுடையது புரோகிரசிவ் மெட்டல் இசைக்குழு. நானும் என் நண்பன் சுருட்டையும் கிட்டார். ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது கிட்டார் சத்தத்தைப் பெருக்கும், ஸ்பீக்கர் கிழிந்த ஒரு குட்டி ஆம்ப். பிறகு வால்வு ஆம்ப் வாங்கினேன். தூக்கினால் இடுப்பு ஒடியும், ஆனால் அதன் உறுமல் அடிவயிற்றில் இறங்கும். கிட்டாரில் ஆறு கம்பி ஏழானது, எட்டானது. கம்பி கூடக் கூட உறுமல் குழம்பியது. கடைசியில் டிஜிட்டல் பெட்டிக்கு மாறினேன். எந்த ஆம்பையும் அதனுடன் இணைத்தால் போதும், அந்தக் குரலை நகலெடுத்துக்கொள்ளும். என் சத்தம் கத்தி மாதிரி சுத்தமானது.

சுருட்டைக்குப் பிடிக்கவில்லை.

"பழைய சத்தத்துல நீ இருந்தடா. இதுல யாருமே இல்ல."

"அப்ப அந்தப் பழைய ஆம்பைத் தூக்கிட்டுப் போய்த் தொலை!"

வேனில் ஏற்றிக்கொண்டு போனவன் போனவன்தான். போனை எடுக்கவே இல்லை. பத்தாவது நாள் கடைசிப் பாட்டின் பதிவு. இரண்டு கிட்டார் இல்லாமல் அந்தப் பாட்டு நிற்காது. அன்று முடிக்காவிட்டால் ஆல்பமே இல்லை. கழுத்தறுத்துவிட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது.

ஸ்டுடியோ. மதியம் 2.10. டிஜிட்டல் பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். நகல்களின் பட்டியலில் நான் வைக்காத ஒரு பெயர்… 'சுருட்டை'.

வாசித்துப் பார்த்தேன். என் வால்வு ஆம்பின் அதே உறுமல், எட்டாவது கம்பியிலும் குழம்பாமல். எனக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வந்து நகலெடுத்திருக்கிறான், திருட்டுப் பயல்!

டக்… டக்.

வாசிக்குமுன் கிட்டாரின் உடம்பில், கம்பி மீட்டும் பிக்கால் இரண்டு தட்டு. அது சுருட்டையின் பழக்கம்.

சவுண்ட் இன்ஜினியர் நிமிர்ந்தார். "ஏன் தட்டுற?"

"நான் தட்டல."

நகலில் ஆம்பின் குரல்தான் இருக்கும். தட்டல் இருக்காது.

2.14. கிட்டார் வயரைப் பிடுங்கினேன்.

டக்… டக்.

பிறகு… அவன் வாசிக்க வேண்டிய பகுதி முழுவதும் கேட்டது. ஒரு பிசிறில்லை.

"தைரியம் இருந்தா நேர்ல வாடா!" என்று கத்தினேன்.

நின்றது.

2.31. அவன் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி… நீங்க சண்டை போட்ட மறுநாளே வண்டி மோதி எரிஞ்சிருக்கு. இன்னைக்குத்தான் அவன்னு அடையாளம் தெரிஞ்சுது. உள்ள இருந்த ஆம்பும் சாம்பல்தான்."

பெட்டியில் அந்த நகலின் தேதியைப் பார்த்தேன்.

நேற்று. மதியம் 2.10.

நேற்று முழுக்கப் பெட்டி என் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி என் பையில்.

அவன் வாசித்தது முழுவதும் பதிவாகியிருந்தது. பாட்டில் அதைத்தான் வைத்தோம். நகலை நான் அழிக்கவில்லை. கோபமும் தீரவில்லை. பெட்டியைப் போடும்போதெல்லாம் திட்டுகிறேன்.

"சொல்லிட்டாவது போயிருக்கலாம்லடா?"

டக்… டக்.